பதினாலாவது புத்தகத்தில் நின்றுபோன புக்மார்க்

இன்டர்னல் எல்லாம் முடிஞ்சாச்சா? முடிஞ்சிருந்தா உங்க போனில் இருக்கும் ரீடிங் ஆப்பை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. ஏதோ ஒரு நாவல் 31 சதவீதத்தில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருக்கும். யாரோ சொன்னாங்கன்னு டவுன்லோடு செய்த புத்தகம் என்றால் பரவாயில்லை. ஆனால் அது நீங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு சீரிஸின் நடுப்பாகமாக இருந்தால்? முதல் பத்துப் பாகங்களை மெஸ்ஸுக்குக்கூடப் போகாமல் படித்துவிட்டு, அடுத்ததைத் திறக்கவே கை வராமல் இருந்தால்?

எனக்கு அப்படித்தான் ஆனது. சீரிஸின் பெயர் 'தி டிரெஸ்டன் ஃபைல்ஸ்'. எழுதியவர் அமெரிக்கரான ஜிம் புட்சர். முதல் வருஷம் ஹாஸ்டலில் பக்கத்து ரூம் சீனியர் அக்கா முதல் புத்தகத்தைக் கையில் திணித்தார். ஏழே மாதத்தில் பதின்மூன்று புத்தகங்களை முடித்தேன். பதினாலாவது புத்தகமான 'கோல்ட் டேஸ்' நடுவில் நின்றுவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்ட அக்கா மெசேஜ் பண்ணும்போதெல்லாம் "எந்த புக்ல இருக்க?" என்று கேட்பார். "போயிட்டே இருக்குக்கா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பச்சைப் பொய்.

ஒரு கட்டத்தில் பயமே வந்துவிட்டது. புத்தகம் போரடிக்கிறதா, இல்லை எனக்குப் படிக்கிற பழக்கமே போய்விட்டதா? ரீல்ஸ் பார்த்துப் பார்த்து மூளை மழுங்கிப் போச்சா? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: கதை எந்தத் திசையில் போகிறது என்பது கீழே வரும். யார் சாகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.)

வாடகை பாக்கி வைத்த மந்திரவாதி

ஃபேன்டஸி என்றதும் நமக்கு வாள், குதிரை, டிராகன், கோட்டை என்றுதான் ஞாபகம் வரும். அங்கே ஆசிரியர் ஓர் உலகத்தையே புதிதாகக் கட்டுகிறார். அர்பன் ஃபேன்டஸி அப்படியில்லை. நிஜமான ஒரு நகரம், நம்முடைய காலம், அதே டிராஃபிக், அதே கரண்ட் பில். அதன் சந்துபொந்துகளில் மட்டும் மாயம் ஒளிந்திருக்கும்.

டிரெஸ்டன் ஃபைல்ஸின் நகரம் சிகாகோ. ஹீரோ ஹாரி டிரெஸ்டன் ஒரு மந்திரவாதி. அதை மறைக்கவும் மாட்டான். டெலிபோன் டைரக்டரியில் 'மந்திரவாதி' என்றே விளம்பரம் கொடுத்திருப்பான். தொழில், துப்பறிவது. போலீஸுக்குப் புரியாத கேஸ் வந்தால் கேரின் மர்ஃபி என்ற பெண் அதிகாரி இவனைக் கூப்பிடுவார். 2000-இல் வந்த முதல் நாவல் 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்' தொடங்கும்போது ஹாரிக்கு இருக்கும் பெரிய பிரச்சினை, வாடகை கட்டக் காசில்லை என்பதுதான்!

இந்த நாவல் பிறந்த கதையே சுவாரசியம். புட்சர் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியை டெபோரா செஸ்டர் சொல்லிக்கொடுத்த ஃபார்முலாவில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. 'நீங்க சொல்றபடியே எழுதறேன், எவ்வளவு மோசமா வருதுன்னு பாருங்க' என்று நிரூபிக்க நினைத்து, வரி பிசகாமல் அந்த முறையிலேயே எழுதினார். மோசமாக வரவில்லை. ஸ்டார்ம் ஃப்ரண்ட் வந்தது.

நம்ம மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும் ஒரு விதி இந்த உலகத்தில் உண்டு. மந்திரவாதி பக்கத்தில் போனால் எலெக்ட்ரானிக்ஸ் செத்துப்போகும். அதனால் ஹாரிக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, ஃபிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி, வீட்டில் வெந்நீர் வராது. சிகாகோ குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பான். புது கார் என்றால் நின்றுவிடும் என்பதால் ஒரு பழைய நீல நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் சுற்றுவான். அதுவும் அடிக்கடி மக்கர் பண்ணும். இவ்வளவு பெரிய சக்தி இருக்கும் மனிதன் மெக்கானிக்கிடம் கெஞ்சுகிறான். எனக்கு அங்கேதான் கதை பிடித்துப்போனது.

அந்த ருசி உச்சத்தில் இருப்பது 2005-இல் வந்த ஏழாவது நாவல் 'டெட் பீட்'. மனிதப் பிணங்களை எழுப்புவது மந்திரவாதிகளின் சட்டப்படி குற்றம். ஆனால் எதிரிகள் பிணங்களை எழுப்பிக்கொண்டு வருகிறார்கள். ஹாரி என்ன செய்கிறான்? சட்டத்தில் 'மனித' என்றுதானே இருக்கிறது! சிகாகோவின் ஃபீல்ட் மியூசியத்தில் 'சூ' என்ற டைரனோசரஸ் ரெக்ஸின் எலும்புக்கூடு நிஜமாகவே இருக்கிறது. 1990-இல் தெற்கு டகோட்டாவில் தோண்டியெடுத்தது, 2000-இலிருந்து காட்சிக்கு இருக்கிறது. நீளம் சுமார் 12 மீட்டர். ஹாரி அதை எழுப்பி, அதன்மேல் ஏறி, நகரத் தெருக்களில் ஓட்டிக்கொண்டு போவான். ராத்திரி 2 மணிக்கு இதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் வார்டன் கதவைத் தட்டினார்.

இப்படிப்பட்ட ஒரு சீரிஸ் எப்படி அலுத்துப்போகும்? காரணம் ஒன்றில்லை, நான்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

காரணம் 1: எடை கூடக் கூட உணர்வு குறையும்

கையில் 1 கிலோ அரிசிப் பையை வைத்திருக்கிறீர்கள். அதில் 100 கிராம் சேர்த்தால் தெரியும். 10 கிலோ மூட்டையில் அதே 100 கிராமைச் சேர்த்தால்? தெரியவே தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானியர் கவனித்தது இது. ஒரு மாற்றத்தை நாம் உணர வேண்டுமானால், அது ஏற்கனவே இருக்கும் அளவுக்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்க வேண்டும். 1860-இல் ஃபெக்னர் இதைக் கணிதமாக்கினார், உணர்வு லாகரிதம் போல வளர்கிறது என்று. டெசிபல் அளவுகோல் ஏன் லாக் ஸ்கேலில் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டிருப்பீங்களே, அதே குடும்பம்தான்.

கதையில் வரும் ஆபத்து எடை மாதிரி அளக்கக்கூடியது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உவமைக்கு நன்றாகப் பொருந்துகிறது. முதல் நாவலில் எதிரி ஒரே ஒரு கொலைகார மந்திரவாதி. ஏழாவதில் கடவுளுக்கு நிகராக ஆக நினைக்கும் கும்பல். பன்னிரண்டாவதில் ஒரு ரத்தக்காட்டேரி சாம்ராஜ்யமே எதிரே நிற்கிறது. பதினேழாவது நாவலான 'பேட்டில் கிரவுண்ட்'-இல் ஒரு டைட்டன் சிகாகோவையே அழிக்க வருகிறாள். ஒவ்வொரு முறையும் கூட்டினால் போதாது, பெருக்க வேண்டியிருக்கிறது. ஹீரோவின் சக்தியும் கூடவே ஏறுவதால், முதல் நாவலில் அவன் அடிவாங்கியபோது நமக்கு வந்த பதற்றம் இப்போது வருவதில்லை. இவ்வளவு பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று மனசு சொல்லிவிடுகிறது.

காரணம் 2: சிகாகோ எங்கே போச்சு?

இதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். எந்தச் சீரிஸிலும் ஆபத்து பெரிதாகும். ஆனால் அர்பன் ஃபேன்டஸிக்கு மட்டும் அது கூடுதலாக ஒரு கெடுதல் செய்கிறது.

டிரெஸ்டன் நாவல்களின் ஆங்கிலத் தலைப்புகளைப் பாருங்க. இரண்டு சொற்கள், இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் எழுத்துகள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: 2010-இல் வந்த பன்னிரண்டாவது நாவல், 'சேஞ்சஸ்'. ஒற்றைச் சொல். உள்ளேயும் அப்படித்தான். அந்த ஒரே நாவலில் ஹாரியின் ஆபீஸ் வெடித்துப் போகிறது, வீடு எரிந்து போகிறது, நீல பீட்டில் நசுங்கிப் போகிறது. எழுத்தாளர் தெரிந்தே, திட்டமிட்டே செய்திருக்கிறார். நாவலாக அது பிரமாதம், நான் அழுதுகொண்டே படித்தேன். ஆனால் அதற்குப் பிறகு? பதின்மூன்றாவது நாவலில் ஹாரிக்கு உடம்பே கிடையாது, ஆவியாக அலைகிறான். பதினாலாவதில் தேவதைகளின் குளிர்கால அரசவையில் கண் விழிக்கிறான். ஊருக்குத் திரும்பினாலும் முக்கியமான இடம் ஏரி நடுவில் இருக்கும் மாயத்தீவு. அந்தத் தீவில் யார் வாடகை கேட்கப் போகிறார்கள்?

எனக்குப் பிடித்தது மந்திரம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மந்திரவாதிக்கு வாடகை பாக்கி இருந்தது பிடித்திருந்தது. மாயம் மேலே, சாதாரண வாழ்க்கை கீழே. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் அர்பன் ஃபேன்டஸி. பாகத்துக்குப் பாகம் எல்லாரும் தொகுதியைப் பார்த்தே கைதட்டுகிறோம். பகுதி கரைந்துகொண்டே வருவதைக் கவனிப்பதில்லை. பகுதி பூஜ்ஜியமானால் என்ன ஆகும்னு எம்-1 பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும். விடை பெரிதாகாது, விடையே இல்லாமல் போய்விடும்.

காரணம் 3: நாம் படித்த வேகம்

பழியை முழுக்க எழுத்தாளர் மேல் போடுவது நியாயமில்லை. 2000 முதல் 2012 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் பதினாலு நாவல்கள் வந்தன. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று. அப்போது வாங்கிப் படித்தவர்களுக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் சின்னதாக ஒரு நினைவூட்டல் தேவைப்பட்டது. ஹாரியின் பூனை 30 பவுண்டு எடை, மந்திரவாதியின் கண்ணை நேராகப் பார்த்தால் ஆன்மா தெரியும், பல்பு ஏன் வெடிக்கிறது, எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஓராண்டு கழித்துப் படிப்பவருக்கு அது ரீகேப். போன செவ்வாய்க்கிழமை முந்தின பாகத்தை முடித்த எனக்கு அது 'இதை எத்தனை தடவைதான்யா சொல்வ?' என்ற எரிச்சல். மெஸ்ஸில் தினமும் அதே சாம்பார் என்று திட்டுகிறோமே, அப்படி. சாம்பார் மேல் தப்பில்லை, நாம் மூன்று வேளையும் அதையே ஊற்றிக்கொண்டோம்.

காத்திருந்தவர்களுக்கு வேறு பிரச்சினை. 2014-க்குப் பிறகு அடுத்த நாவலுக்கு ஆறு ஆண்டு இடைவெளி. 2020-இல் ஒரே ஆண்டில் இரண்டு வந்தன. ஒன்றாக எழுதத் தொடங்கிய கதையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வேகமாகப் படித்தாலும் கஷ்டம், காத்திருந்தாலும் கஷ்டம்.

காரணம் 4: புத்தகம் அப்படியேதான் இருக்கு, நாமதான் மாறிட்டோம்

முதல் நாவலைப் படிக்கும்போது எனக்கு 17 வயது. ஹாரி ஒரு பெண்ணைப் பார்த்ததும் அவள் உடம்பை இரண்டு பத்திக்கு வர்ணிப்பான். அப்போது ஏதோ பழைய டிடெக்டிவ் கதை ஸ்டைல் என்று தாண்டிப் போனேன். இருபது வயதில் அது உறுத்துகிறது. இத்தனைக்கும் கேரின் மர்ஃபி, மாலி என்று நல்ல பெண் பாத்திரங்கள் உள்ள சீரிஸ் இது. இந்தக் குறையை நான் மட்டும் சொல்லவில்லை, நிறைய வாசகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு காலத்தில் பிடித்தது இப்போது உறுத்துகிறது என்றால், நடுவில் நாம் கொஞ்சம் வளர்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மற்ற சீரிஸ்களில் என்ன நடந்தது?

லாரல் கே. ஹாமில்டனின் 'அனிடா பிளேக்' சீரிஸ் 1993-இல் தொடங்கியது. ஊர் செயின்ட் லூயிஸ். ஹீரோயினுக்குப் பிணங்களை எழுப்புவது மாதச் சம்பள வேலை. ஆரம்பத்தில் போலீஸோடு சேர்ந்து துப்பறியும் கதைகள். 2001-இல் வந்த பத்தாவது நாவலுக்குப் பிறகு காதலும் உடலுறவும் கதையின் மையத்துக்கு வந்து, துப்பறிவது ஓரத்துக்குப் போனது. பழைய வாசகர்கள் பலர் இறங்கிக்கொண்டார்கள், புதியவர்கள் ஏறிக்கொண்டார்கள். பஸ் அதே நம்பர், ரூட் மட்டும் மாறிவிட்டது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' 2011-இல் தொடங்கியது. ஹீரோ பீட்டர் கிராண்ட் ஒரு சாதாரண லண்டன் கான்ஸ்டபிள். மந்திரம் கற்றுக்கொண்டே ரிப்போர்ட்டும் எழுத வேண்டும். பெரிய வில்லனின் கதை 2018-இல் ஏழாவது நாவலோடு முடிந்துவிடுகிறது. அடுத்து அதைவிடப் பெரிய வில்லனைக் கொண்டுவரவில்லை. 2020-இல் வந்த அடுத்த நாவலில் பீட்டர் ஒரு டெக் நிறுவனத்தில் செக்யூரிட்டி வேலையில் இருக்கிறான்! அளவைக் கீழே இறக்கி, சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பவும் இடம் கொடுத்துவிட்டார்.

பிடிக்கலைன்னா ஏன் விட முடியல?

பதின்மூன்று புத்தகம் படித்தாச்சு, இப்போ விட்டால் அதெல்லாம் வேஸ்ட்தானே? இந்த எண்ணத்துக்குப் பொருளாதாரத்தில் 'சங்க் காஸ்ட்' என்று பெயர். செலவழித்தது எப்படியும் திரும்பாது, ஆனாலும் அதற்காகவே மேலும் செலவழிக்கிறோம்.

1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. எல்லாருக்கும் அதே நாடகங்கள்தான். ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு உறுத்தியது. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் காணாமல் போனது.

அதாவது 'இவ்வளவு செலவழிச்சாச்சே' என்ற உறுத்தல் நம்மைக் கொஞ்ச தூரம்தான் தள்ளும். நானும் பதின்மூன்றாவது புத்தகத்தை அந்த உறுத்தலில்தான் முடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பதினாலாவதில் அதுவும் தீர்ந்துவிட்டது.

சரி, என்னதான் பண்றது?

முதலில் ஒரு டெஸ்ட். சர்க்யூட்டில் ஃபால்ட் எங்கே என்று பார்க்க ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிப் பார்ப்போமே, அதேதான். வேறு எழுத்தாளரின் சின்னப் புத்தகம் ஒன்றை எடுங்க. நான் ரிவர்ஸ் ஆஃப் லண்டன் முதல் பாகத்தை எடுத்தேன், மூன்றே ராத்திரியில் முடிந்தது. ஆக, படிக்கிற பழக்கம் போகவில்லை. அடுத்து, அலுத்துப்போன சீரிஸில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாகத்தைத் திரும்ப எடுங்க. டெட் பீட்டில் டைனோசர் எழுந்து வந்தபோது எனக்கு அதே சிலிர்ப்பு. ஆக, சீரிஸ் மேல் இருந்த பிரியமும் போகவில்லை. பிரச்சினை சீரிஸின் பின்பாதிக்கும் எனக்கும் நடுவில் மட்டும்தான்.

பிறகு மூன்று வழிகள். ஒன்று, இடைவெளி விட்டுப் படிப்பது. செமஸ்டருக்கு ஒன்று போதும், எழுதப்பட்ட வேகத்துக்கு அது கொஞ்சம் பக்கம். இரண்டு, சின்ன அளவுக்குத் திரும்புவது. புட்சரின் 'சைட் ஜாப்ஸ்', 'பிரீஃப் கேசஸ்' என்ற சிறுகதைத் தொகுப்புகளில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை அதிகம் இல்லை, சின்னச் சின்ன கேஸ்கள். மூன்று, நிறுத்திவிடுவது. உங்களுக்குப் பிடித்த பாகத்தையே முடிவு என்று வைத்துக்கொள்ளுங்க. யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்கப் போவதில்லை. படித்த பதின்மூன்று புத்தகங்களும் வேஸ்ட் ஆகாது, அந்தந்த ராத்திரியிலேயே அவை தந்த சந்தோஷத்தைத் தந்துவிட்டன.

நான் மூன்றாவது வழியை எடுத்தேன். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. போன வாரம் அக்கா வழக்கம்போலக் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன்: "எட்டு மாசமா தொடவே இல்லக்கா. சாரி." திட்டுவார் என்று நினைத்தேன். சிரிப்பு எமோஜி வந்தது. பிறகு ஃபோனே வந்தது. அவருக்குப் பிடித்ததே பேட்டில் கிரவுண்ட்தானாம். மூன்றாவது புத்தகத்தில் யுத்தம் தொடங்கியதிலிருந்தே அவர் அந்தப் பெரிய சண்டைக்காகத்தான் காத்திருந்தாராம். "உனக்கு வாடகை பாக்கி கதை பிடிச்சிருக்கு, எனக்கு யுத்தம் பிடிச்சிருக்கு. இதுக்கு எதுக்குடி எட்டு மாசம் பொய் சொன்ன?" என்றார். ஒரே சீரிஸை நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காகப் படித்திருக்கிறோம். அது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அப்புறம் ஒரு மணி நேரம் அந்த டைனோசரைப் பற்றியே பேசினோம்.

உங்க புக்மார்க் எந்த சீரிஸில், எத்தனையாவது பாகத்தில் நிக்குது? எதனால் நின்றதுன்னு யோசிச்சுப் பாருங்க, நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. அப்படியே, அந்தப் புத்தகத்தை உங்களுக்குக் கொடுத்தவருக்கும் ஒரு மெசேஜ் போட்டுடுங்க.